வடக்குச் சரிவுப் பழம்

அந்த மலையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் யாராவது பழத்தின் பக்கத்தில் அதை எழுதினால் கடிதம் வரும். எனக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் வந்துவிட்டது, இன்னொன்று வேண்டாம். தென் ஐரோப்பாவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வடக்குச் சரிவில் விளையும் செர்ரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. நம் ஊரில் மல்லிகைக்கும் மிளகாய்க்கும் கொடுக்கிறார்களே, அதே சமாசாரம்தான். இன்ன இடத்தில் விளைந்தால் மட்டுமே இன்ன பெயரில் விற்கலாம்.

தோஹாவில் ஒரு பெரிய மாலுக்குள் இருந்த ஹைப்பர் மார்க்கெட்டில் நான் அப்போது புரமோட்டராக இருந்தேன். கேட்க ஏதோ உத்தியோகம் போல இருக்கும். தட்டில் தின்பண்டத்தைத் துண்டு துண்டாக அடுக்கி, பல் குத்தும் குச்சியைச் செருகி, போகிறவர் வருகிறவர் முகத்துக்கு நேரே நீட்டிச் சிரிப்பதுதான் வேலை. ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிய நான், கல்யாணமாகிக் கீழக்கரையிலிருந்து வந்து, சீஸ், நூடுல்ஸ், மாதுளை ஜூஸ் என்று நான்கு வருடமாக நீட்டிக்கொண்டிருந்தேன். கணவர் நஜ்மா பகுதியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் ஸ்டோர் கீப்பர். கடைக்குப் பின்தெருவில், இன்னொரு குடும்பத்தோடு அடுப்பங்கரையைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். என் சம்பளம் மகளின் பள்ளிக்கூடத்துக்கு.

மே மாதம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர். புரமோட்டர்களை அனுப்பும் ஏஜென்சியின் ஆள். எல்லாப் பெண்களும் அவருக்கு ‘சிஸ்டர்’, எல்லாப் பொருளும் ‘ராயல் பிராடக்ட்’. முந்தின மாதத்து ராயல் பிராடக்ட் மீன் ஊறுகாய்.

“சிஸ்டர், இது சாதாரண செர்ரி இல்ல. யூரோப்ல சர்ட்டிபிகேட் உள்ள செர்ரி. அதுக்கு ரூல் புக்கே இருக்கு” என்று பதினான்கு பக்கக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். “வாசிச்சு வையுங்க. எனக்கும் சுருக்கமா சொல்லிருங்க.”

வாசித்தேன். வடக்குச் சரிவில், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நிற்கும் மரமாக இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் கையால் பறிக்க வேண்டும். காம்பு ஒடியக் கூடாது. இதுவரை சரி, நியாயம்தான். மிச்சப் பத்துப் பக்கமும் பெயரைப் பற்றி. பெயரை எந்த எழுத்தில் அச்சடிப்பது, தங்க இலை முத்திரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் வேறெந்தப் பழத்தின் படமும் எவ்வளவு தூரத்தில் வரலாம். கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றியும் இருந்தது. பழத்தை அறிமுகம் செய்யும் பெண் அந்த மலைநாட்டு உடையில் இருக்க வேண்டும்: வெள்ளை மேல்சட்டை, சிவப்புப் பாவாடை, கோடு போட்ட ஏப்ரன், தலையில் சிவப்புத் துணி.

“தலைத்துணி உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, சிஸ்டர். பாதி காஸ்ட்யூம் ரெடி” என்றார் சூப்பர்வைசர். தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார்.

அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன். அபாயாவை, உடம்பை மூடும் அந்தக் கறுப்பு அங்கியை, கழற்ற மாட்டேன். பாவாடை கட்டிக்கொண்டு மாலின் நடுவில் நிற்க மாட்டேன். கடைசியில், அபாயாவின் மேல் ஏப்ரன் கட்டிக்கொள்வது, தலையில் என் வழக்கப்படியே சிவப்புத் துணி சுற்றிக்கொள்வது என்று முடிவானது. அந்த மலையில் எந்தக் காலத்திலும் யாரும் அப்படி ஒரு கோலத்தில் செர்ரி பறித்திருக்க மாட்டார்கள். மகள் என்னைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். தமிழில் சொல் என்றேன். தமிழில் அது அவளுக்கு வரவில்லை.

ஏப்ரனை நஜ்மாவில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு வங்காளத்துத் தையல்காரரிடம் கொடுத்தேன். போனில் படத்தைக் காட்டினேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் மாறி மாறிக் கோடு. அவர் அலமாரியைத் துழாவிவிட்டு, “காலா மாஃபி. நேவி ப்ளூ சலேகா?” என்றார். கறுப்பு இல்லை, கருநீலம் போதுமா என்று கேட்டார். “சலேகா, பாய்” என்றேன். ஐந்து அடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அது பெரிய குற்றமாகும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் வந்த பழம் நிஜமாகவே அந்த மலையினுடையது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அதுவரை நான் செர்ரி என்று தின்றது பேக்கரி கேக்கின் மேல் குந்தியிருக்கும் சிவப்பு உருண்டையைத்தான். அது பாகில் ஊறிய களாக்காய் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இது வேறு. கறுத்த சிவப்பு. பல்லில் கடித்ததும் தோல் டக்கென்று வெடித்தது. இனிப்பு முடிகிற இடத்தில் லேசாக ஒரு துவர்ப்பு வந்து, இன்னொன்று தின்னச் சொன்னது. எனக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். “கடல் காற்றும் மலைக் காற்றும் சந்திக்கும் வடக்குச் சரிவில் மட்டுமே இந்தப் பழம் விளைகிறது. பல தலைமுறைகளாக ஒரே கைகள் இதைப் பறிக்கின்றன.” ஆங்கிலத்தில் ஒரு தடவை, அரபியில் ஒரு தடவை. முதல் வாரம் அந்த வசனத்தை நம்பித்தான் சொன்னேன்.

தின்ன வந்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒருவர் மூன்று தடவை சுற்றி வந்தார், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே முகத்தை வைத்துக்கொண்டு. ஒரு அம்மாள், கொட்டை இல்லாத செர்ரி இருக்கிறதா என்றார். இளைஞர்கள் பழத்தைத் தொடக்கூட இல்லை. தங்க இலை முத்திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துத் தொட்டியில் பெயரில்லாத செர்ரி பாதி விலைக்குக் கிடந்தது. முத்திரைப் பழத்தை வாங்கியவர்களில் பாதிப் பேர் சுவைத்துப் பார்க்கவே இல்லை. டப்பாவைத் திருப்பி முத்திரை தெரிகிற மாதிரி தள்ளுவண்டியின் மேலாக வைத்துக்கொண்டார்கள். தக்காளியும் டயப்பரும் அதற்குக் கீழே போயின.

உண்மையாகத் தின்றவள் ஒரே ஒருத்தி. இரண்டாம் நாள் வந்தாள். என் வயது இருக்கும், நாற்பதை ஒட்டி. ஒரு பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுப்பதாகப் பிறகு தெரிந்தது. தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காம்பைப் பிடித்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு மலையின் பெயரை ஒரு தடவை உச்சரித்துக் காட்டினாள். நான் இரண்டு நாளாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நாக்கை மேல ஒட்டணும்” என்றாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே கரடுமுரடு. அதனால் எங்களுக்குள் பேச்சு எளிதாக இருந்தது. “நீங்க அந்த ஊரா?” என்றேன். “அந்த மலை” என்றாள். இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கு விமானத்தில் ஏறவில்லை என்றார்கள். மழை பெய்து பழம் வெடித்துவிட்டதாம். இன்றைக்கு ஸ்டாலைப் பிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு காலை டூட்டிக்குப் போனால், ஸ்டால் நிறையப் பழம். தட்டுக்குப் பழம் எடுக்கப் பின்புறம் குளிர் அறைக்குப் போனேன். வேறொரு நாட்டின் பெயர் போட்ட அட்டைப்பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. நேபாளத்துத் தொழிலாளி ஒருவர் அதிலிருந்து அள்ளித் தங்க இலை டப்பாக்களில் நிரப்பிக்கொண்டிருந்தார். காம்பு பாதிக்கு மேல் ஒடிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்து, “ஜல்தி போலா, தீதி” என்றார், சீக்கிரம் செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று. அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

சூப்பர்வைசரிடம் போனேன்.

“ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட், சிஸ்டர். ரெண்டு மூணு நாள். ஸ்டாண்டு காலியா நிக்கக் கூடாதுல்லா.”

“அது வேற நாட்டுப் பழம் சார்.”

“செர்ரி செர்ரிதானே சிஸ்டர்? நாம என்ன கத்தரிக்காயா வைக்கோம்?”

“அப்ப எதுக்குப் பதினாலு பக்கம்?”

“அது அவங்களுக்கு. நமக்கு டார்கெட்டு. நீங்க உங்க லைனை அழகா சொல்லுங்க, கலாஸ்.”

கலாஸ் என்றால் முடிந்தது. எனக்கும் அதோடு முடிந்தது. நான் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதுதான் கூச்சமாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை. வசனத்தை முன்னைவிட நன்றாகச் சொன்னேன் என்பதுதான் உண்மை. பழம் நல்லதாக இருந்தபோது அது பாதி வேலையைச் செய்தது. இப்போது எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியிருந்தது. ‘கடல் காற்று’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தப் பழகினேன். கையால் ஒரு சரிவைக் காட்டப் பழகினேன். விற்பனை கூடியது. பழம் மாறியதை ஒரு வாடிக்கையாளர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க அவர்கள் பழத்தை வாங்கவும் இல்லை.

மூன்று நாள் என்றது மூன்று வாரமானது. அதற்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பியானோ டீச்சர் மறுபடி வந்தாள். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜூஸ் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன். சூப்பர்வைசர் அங்கே நின்றுகொண்டிருந்தார். போகவில்லை.

அவள் முன்போலவே குச்சியைப் பிடுங்கினாள். காம்பு இல்லை என்பதை அப்போதே கவனித்தாள். தின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கொட்டையை ஒரு டிஷ்யூவில் துப்பி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இது எந்த ஊர்ப் பழம்? சொல்லு” என்றாள்.

நான் சொன்னேன். முழு வசனத்தையும், குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தி, கையால் சரிவைக் காட்டி, மலையின் பெயரை அவள் சொல்லிக்கொடுத்தபடி நாக்கை மேலே ஒட்டி. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“இது எங்க மலை இல்ல” என்றாள் அவள்.

“மேடம், இது வடக்குச் சரிவு...”

“நான் தெற்குச் சரிவு. வடக்குப் பழம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல நாங்க திருடித் தின்னது அதைத்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“உனக்குத் தெரியும்” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

தட்டை அப்படியும் இப்படியும் திருப்பினேன். அரபியில் வசனத்தைத் தொடங்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பெரிய வெட்கம் அதுதான்.

அவள் போகவில்லை. ஸ்டாலின் ஓரமாக நின்று, வாங்க வந்தவள் போல டப்பாக்களைப் புரட்டியபடி, தங்கள் மலையின் கதையைச் சொன்னாள். செர்ரி மலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் விளைந்தது. குறியீட்டுக்கு மனுப் போடச் சங்கம் அமைத்தபோது எல்லை வரைய வேண்டி வந்தது. எல்லையை மலையின் நடுவில் போகும் ஒரு சாலையின் மேலே வரைந்தார்கள். சங்கத் தலைவரின் தோட்டம் சாலைக்கு வடக்கே. அவர் சம்பந்தியின் நிலம் மலையிலேயே இல்லை, அடிவாரத்தில் இருந்தது. உருளைக்கிழங்கு விளைந்த நிலம். கோடு அங்கே மட்டும் ஒரு வளைவு வளைந்து அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவளுடைய தம்பியின் மரங்கள் சாலைக்குத் தெற்கே. அவன் மலையின் பெயரைச் சொல்லி விற்றால் அபராதம். ஜாம் கம்பெனிக்குப் பெயரில்லாமல் கொட்டிவிட்டு வருகிறான்.

“தம்பி கோர்ட்டுக்குப் போகலையா?”

“போனான். மரத்துக்கு வயசு என்ன, வேர் எந்தப் பக்கம்னு மூணு வருஷம் கேட்டாங்க. அப்புறம் கோட்டை யார் வேணா பார்க்கலாம், ஆனா மாத்த முடியாதுன்னாங்க.” டிஷ்யூ மடிப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். “வடக்குக்காரங்க எல்லாரும் திருடங்க” என்றாள். சற்று முன் யார் திருடித் தின்றது என்று நான் நினைவூட்டவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் எங்கள் முறை முடிய அரை மணி நேரம்தான் இருந்தது.

“இதுல என்ன புள்ள அதிசயம்?” என்றார். “நம்ம ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கும்தான் குறியீடு குடுத்தாங்க. இங்க கடையில பாக்கெட்டு மேல குண்டு மிளகாய்னு எழுதி உள்ளே நீட்டு மிளகாய் போட்டு விக்கிறான். நான் போய்ச் சண்டையா போட்டேன்?”

“அதை நீங்க நீட்டிச் சிரிச்சு விக்கலையே மச்சான்.”

அவர் புளியைப் பிழிந்துகொண்டே யோசித்தார். “யாராவது கேட்டாச் சொல்லிடு.”

“யாரும் கேக்க மாட்டாங்க.”

“அப்ப சும்மா இரு.”

ஆனால் கேட்பதற்கு ஒருவர் வந்தார். சங்கமே ஓர் ஆளை அனுப்பியிருந்தது. வளைகுடா நாடுகளில் பெயர் ஒழுங்காகப் பயன்படுத்தப்படுகிறதா என்று பார்க்க துபாய், குவைத், தோஹா என்று சுற்றி வருகிறாராம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த வெயிலில் கோட்டு. சூப்பர்வைசர் காலையிலேயே என்னிடம் வந்து, “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். லைன் மட்டும்” என்றார். அவருடைய பதற்றத்தைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று நம்பினேன். அந்த இளைஞர் ஒரு பழத்தை வாயில் போட வேண்டியதுதான் பாக்கி.

அவர் பழத்தை வாயில் போடவே இல்லை.

பையிலிருந்து ஒரு சிறிய எஃகு அளவுகோலை எடுத்தார். முத்திரையின் உயரத்தை அளந்தார். பலகையில் பெயரின் எழுத்துகளை அளந்தார். பக்கத்துத் தொட்டியில் இருந்த பீச் பழத்தின் படத்துக்கும் தங்க இலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து, இடம் போதவில்லை என்று தலையை ஆட்டினார். சூப்பர்வைசர் ஓடிப்போய்ப் பீச் படத்தை நகர்த்தி வைத்தார். பிறகு அந்த இளைஞர் என்னை வசனம் சொல்லச் சொன்னார். சொன்னேன். “உச்சரிப்பு பிரமாதம்” என்றார். பியானோ டீச்சர் நினைவுக்கு வந்தாள். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

“சார், இது உங்க பழம் இல்ல” என்றேன்.

சூப்பர்வைசர் என் பக்கத்தில் நின்றுகொண்டு இருமினார்.

“பின்னாடி குளிர் ரூம்ல வேற நாட்டுப் பெட்டி இருக்கு. அதை எடுத்து இதுல போடுறாங்க. மூணு வாரமா. வாங்க, காட்டுறேன்.”

இளைஞர் வந்தார். அதை மறுக்க முடியாது; அவர் மரியாதையாகவே பின்னால் வந்தார். பெட்டிகளைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

“இந்தப் பெட்டிகள் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கப்படுகின்றனவா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“இந்தப் பெட்டிகளின் மேல் எங்கள் பெயர் இருக்கிறதா?”

“இல்ல. உங்க பெயர் இருக்கிற டப்பாவுக்குள்ள இந்தப் பழம் இருக்கு.”

“நான் பெயர்ப் பிரிவு” என்றார். “பழத்தின் தோற்றத்தைச் சோதிப்பது ஆய்வகத்தின் வேலை. இறக்குமதியாளர் எழுத்தில் கேட்டால், சீல் வைத்த மாதிரியை எங்கள் நாட்டுக்கு அனுப்பலாம்.”

“இறக்குமதி பண்றவரே எழுதித் தரணுமா, தான் ஏமாத்துறேன்னு?”

“அதுதான் நடைமுறை.”

நான் ஒரு பழத்தை எடுத்து நீட்டினேன். “தின்னு பாருங்க சார். உங்க ஊர்ப் பழம்தானே, உங்களுக்குத் தெரியாதா?”

அவர் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. தலைநகரத்தில் பிறந்தவராம். மலைக்கு இரண்டு தடவைதான் போயிருக்கிறாராம், இரண்டு தடவையும் செர்ரிக் காலம் இல்லையாம். “தனிப்பட்ட சுவை சாட்சியமாகாது” என்றார். இதைச் சொல்லிவிட்டுத் தைரியம் வந்தவர் போல என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏப்ரனில் பார்வை நின்றது. பக்கத்தில் வந்து துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

“இது எங்கே தைத்தது?”

“நஜ்மாவில்.”

“இந்தக் கோடு கறுப்பு இல்லையே.”

அந்தக் குளிர் அறையில், ஊரான் பழப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என் ஏப்ரனின் கருநீலக் கோட்டை அவர் படம் எடுத்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, அளவுகோலைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அந்த அளவுகோலை வாங்கி எறிந்திருக்க வேண்டும். நான் அவருக்கு வசதியாகத் திரும்பி நின்றேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஏஜென்சிக்கு வந்தது, ஆனால் விஷயம் நான்தான். முத்திரை அளவு திருப்தி. அறிமுக வசனம் மிகவும் திருப்தி. பெயரைச் சிறப்பாகப் பாதுகாத்ததற்காகக் கடைக்குப் பாராட்டு. ஆனால் அங்கீகரிக்கப்படாத உடையணிந்து மலைநாட்டின் பாரம்பரியத்தைத் தவறாகக் காட்டிய புரமோட்டர் உடனடியாக விலக்கப்பட வேண்டும். முறையான உடையைச் சங்கமே அனுப்பிவைக்கும். அதுவரை பழத்தை உடையணிந்த பெண் இல்லாமலே விற்கலாம்.

சூப்பர்வைசர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. “நான் என்ன செய்ய சிஸ்டர்? லெட்டர்ல இருக்கு” என்றார். “உங்களைக் கைவிட மாட்டேன். லெபனீஸ் சீஸ் ஒண்ணு வருது. ராயல் பிராடக்ட்.”

பாராட்டுக் கடிதத்தைப் பெரிதாக்கிப் பழப் பிரிவின் சுவரில் ஒட்டினார்கள். அதன் கீழே வேற்றூர்ப் பழம் ஜூன் முடியும்வரை விற்றது. முறையான உடை ஒரு பார்சலில் வந்தபோது சீசனே முடிந்து ஸ்டாலில் மாம்பழம் இருந்தது. யாரும் பார்சலைப் பிரிக்கவில்லை என்று கேள்வி.

நான் சீஸுக்குப் போனேன். வேலையை விட்டெறிந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், விடவில்லை. மகளின் பள்ளிக்கூடம் இருந்தது. அந்த நாலு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது பேசத்தான், விட்டெறிய அல்ல. ஆனால் சீஸ் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், பெட்டியில் இப்படிப் போட்டிருக்கிறது, எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். விற்பனை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

பியானோ டீச்சர் விடுமுறைக்கு ஊர் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினாள். சீஸ் பக்கம் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஏப்ரன் கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஸ்டால்காரர் எட்டிப் பார்த்தார். “என் அம்மா கட்டினது வெறும் சாம்பல் கலர். கோடே இருக்காது. அந்தக் கோடெல்லாம் டூரிஸ்ட் ஆபீஸ் போட்டது” என்றாள்.

பிறகு பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். தம்பி வீட்டுச் செர்ரி ஜாம், வழக்கமாக ஊற்றும் சாராயத்தைச் சேர்க்காமல் எனக்காகவே போட்டதாம். காட்டுச் செர்ரியையும் சேர்த்து, சர்க்கரை குறைத்துக் காய்ச்சியது. மேலே எந்த எழுத்தும் இல்லை. வீட்டில் திறந்தோம். கணவர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுத் தொட்டி பக்கம் ஓடினார். மகள் முகர்ந்து பார்த்ததோடு சரி. நான் மூன்று நாள் முயன்றேன். ரொட்டியில் தடவினேன், தயிரில் கலந்தேன். மருந்துக் கசப்பு.

அடுத்த வாரம் அவள் வந்து, ஆவலாக, “எப்படி இருந்தது?” என்று கேட்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதுதானே என் தொழில். கையில் சீஸ் தட்டோடு அவள் முகத்தைப் பார்த்தேன்.

“எனக்குப் பிடிக்கல” என்றேன். “ரொம்பக் கசப்பு.”

அவள் முகம் விழுந்துவிட்டது. அந்த ருசி புரிய நாக்கு பழகணும் என்றாள். வேறு சாமான் வாங்க வேண்டும் என்று போய்விட்டாள். இரண்டு வாரம் என் பக்கமே வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள். குப்பியைக் கழுவித் திருப்பிக் கொடு, அடுத்த வருஷம் போடத் தம்பி கேட்கிறான் என்றாள்.